மூன்றாவது கம்பி

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை ஞானசம்பந்தன் மாமியார் வீட்டுக்குப் போனான். குசினியில் மைத்துனி ராஜராஜேஸ்வரி மின் அடுப்பில் பால் வைத்திருந்தாள். அவனுடைய மனைவி சிவயோகத்தைக் கொன்ற அடுப்பின் சோடி அது. லண்டனிலிருந்து வந்த தமையன் இரண்டு தங்கைமாருக்கும் ஒரேமாதிரிக் கொண்டுவந்து கொடுத்தவன். சரவணை ஊருக்கு மின்சாரம் வந்த புதிது. இரண்டையும் பூட்டிக் கொடுத்தவன் ஞானசம்பந்தன், விஞ்ஞான ஆசிரியன்.

“அதை நிப்பாட்டும்,” என்றான்.

“பயப்படாதையுங்கோ அத்தான். நான் அக்கா மாதிரி ஈரச்சீலையோட நிக்கேல்லை.”

கோயில் நைவேத்தியத்தைச் சிவயோகம் குளித்த ஈரத்தோடுதான் சமைப்பாள். மரண விசாரணை அதிகாரி அதையே எழுதினார்: ஈர உடையுடன் கவனயீனமாகத் தொட்டதால் நேர்ந்த விபத்து. ஞானசம்பந்தன் கையொப்பமிட்டான்.

மாமியார் பர்வதவர்த்தினி சுவரோடு சாய்ந்திருந்தார். “ஈரத்தோட சமை எண்டு பழக்கினது நான். நானெல்லோ அவளைச் சாகடிச்சனான்.” இத்தனை நாளும் அவர் சொன்னது அது ஒன்றுதான். அவனும் கேட்டுக்கொண்டிருந்தான்.

“இது நல்ல சாமான் அத்தான். அடியில தரமுத்திரை கிடக்கு. சோதினை பாஸ் பண்ணின அடுப்பு எண்டு நீங்கள்தானே பகிடி விட்டனீங்கள்?”

ஓம், அவன்தான். அடுப்போடு வந்த புத்தகத்தில், மூன்றாவது கம்பி கட்டாயம் நிலத்துக்குப் போகவேண்டும் என்றும் இருந்தது. அதையும் வாசித்தான். இந்த வீடுகளின் சுவரில் பிளக் சொருக இரண்டு துளைதான். மூன்று முள் பிளக்கை வெட்டி எறிந்து, இரண்டு முள் பிளக்கைப் பூட்டி, மிஞ்சிய கம்பியை மடித்து நாடா சுற்றினான். யாழ்ப்பாணம் போய் வயரிங்காரனைக் கூட்டிவர ஒரு சனிக்கிழமை போதும். அந்தச் சனிக்கிழமை அவனுக்குப் பஞ்சியாக, சோம்பலாக இருந்தது.

பால் பொங்கியது. அவள் கையை நீட்ட முன் அவன் பிளக்கை இழுத்தான்.

“முத்திரை குத்தினது மூண்டு கம்பியோட இருந்த அடுப்புக்கு. ஒண்டை நான் வெட்டினனான். உள்ளுக்க கறண்ட் கசிஞ்சால் அந்தக் கம்பியால நிலத்துக்குப் போயிருக்கும். அது இல்லாமல் அவவுக்குள்ளால போனது.”

“இதிலையுமோ?”

“இதிலையும்.”

ராஜராஜேஸ்வரி கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். “அக்கா ஒண்டும் கேக்கேல்லையே?”

“கேட்டவ. பயமில்லை எண்டு சொன்னனான்.”



“அப்ப என்ர பிள்ளை பிழை விடேல்லை,” என்றார் மாமியார்.

“இல்லை மாமி. நீங்களும் விடேல்லை.”

“இதை விசாரணையில சொன்னனீரோ?”

“இல்லை.”

“இனிச் சொல்ல ஏலாதோ?”

“ஏலும். வேலணைக்கு, அந்த விசாரணை அதிகாரியிட்டப் போகவேணும்.”

“போம்,” என்றார். “சொல்லிப்போட்டு வாரும். இங்க திரும்பி வராட்டிலும் பரவாயில்லை.”

ராஜராஜேஸ்வரி சிந்திய பாலைத் துடைக்கத் துணி தேடினாள். அவன் சைக்கிளை எடுத்தான்.