முதலில் கேட்டவர்

அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், எக்ஸ்ரே அறைக்கும் உடைந்த கட்டில்கள் போட்டுவைத்த அறைக்கும் நடுவில், ஜன்னலே இல்லாத ஓர் அறை இருந்தது. கணினிப் பாதுகாப்புப் பிரிவு அதுதான். மொத்தமே இரண்டு பேர். மேலாளர் ஒருவர், பயிற்சிக்கு வந்து ஐந்து வாரம் ஆன சின்னு ஒருத்தி. மேலாளரை ஆஸ்பத்திரி முழுக்க 'பூட்டு சார்' என்றுதான் சொல்வார்கள். யாராவது கணினியைத் திறந்தபடி விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் போதும், பூனை மாதிரி வந்து திரையைப் பூட்டி, மேலே ஒரு மஞ்சள் சீட்டையும் ஒட்டிவிட்டுப் போவார். மனிதருக்கு அதில் அப்படியோர் ஆனந்தம்.

சின்னு என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். சித்தி ஒருநாள் மாடிப்படியில் வாய் தவறிக் கூப்பிட்டுத் தொலைக்க, அன்றிலிருந்து வார்டு ஆயா வரைக்கும் எல்லோருக்கும் அவள் சின்னுதான். இந்தச் சித்தி, அம்மாவின் தங்கை. முதல் மாடியில் நோயாளிப் பதிவேட்டுப் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறாள். யார் யார் காலையோ பிடித்து இந்தப் பயிற்சியை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். சின்னு தங்கியிருப்பதும் சித்தி வீட்டின் முன்னறையில்தான்.

மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பிரிவில் ஒரு வேலை உண்டு. ஊழியர்களுக்கு அவர்களே ஒரு பொய் மெயில் அனுப்புவார்கள். திருடன் அனுப்புவது போலவே இருக்கும். அதை நம்பி, உள்ளே இருக்கும் இணைப்பைத் தொட்டு, கடவுச்சொல்லையும் கொடுத்தவர்களின் பெயர் பட்டியலில் ஏறிவிடும். இதற்குத் 'தூண்டில்' என்று பெயர். மூன்று தடவை மாட்டினால் கணினியில் கை வைக்க முடியாது. ஊருக்கு வெளியே இருக்கும் பழைய ஃபைல் கிடங்குக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே வாரம் விட்டு வாரம் ராத்திரி வேலை.

"இந்த மாசத் தூண்டில நீயே எழுது," என்றார் பூட்டு சார். "பரிசு விழுந்திருக்குன்னு எழுதினா இப்பல்லாம் சின்னக் குழந்தைகூட நம்பாது. ஜனங்க எதுக்குப் பயப்படறாங்கன்னு பாரு. அத எழுது. ஒண்ணு சொல்லிட்டேன், வீட்டுல கூட மூச்சு விடக்கூடாது."

சின்னு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பயம் எப்படி இருக்கும் என்று அவள் தினமும் காலையில் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சித்தப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருஷம். வலது கையும் வலது காலும் பேச்சில் பாதியும் போய்விட்டன. ராத்திரியில் அவரைப் புரட்டிப் படுக்கவைக்க ஆள் வேண்டும். அதனால் சித்தி காலையில் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் போனை எடுத்து, வேலைப் பட்டியலில் தன் பெயர் பகலில்தான் இருக்கிறதா என்று பார்ப்பாள். பார்த்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பாள்.

'அடுத்த வாரம் முதல் நீங்கள் இரவுப் பணிக்கு மாற்றப்பட்டிருக்கிறீர்கள். மறுப்பு இருந்தால் இன்று மதியத்துக்குள் இங்கே தெரிவிக்கவும்.' அவ்வளவுதான் எழுதினாள். படித்துவிட்டுப் பூட்டு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொல்லாத பொண்ணா இருக்கியே," என்று சிரித்தார். ஐந்து வாரத்தில் அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. சின்னுவுக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு மெயில் போனது. பத்து பன்னிரண்டுக்குச் சித்தி வந்து கதவருகே நின்றாள். இரண்டு மாடி ஏறிய மூச்சிரைப்பு. பூட்டு சார் காதில் ஹெட்போனை மாட்டியபடி யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்தார்.

"கண்ணு, ஒரு மெயில் வந்திருக்கு. ராத்திரி வேலைன்னு போட்டிருக்கு. வழக்கமா எங்க மேற்பார்வையாளர்தான் அனுப்புவாங்க, இது வேற யார்கிட்டருந்தோ வந்திருக்கு. சந்தேகம் வந்தா உங்ககிட்ட கேக்கணும்னு அன்னைக்கு மீட்டிங்குல சொன்னாங்களே. தொறக்கலாமா?"

சொல்லித்தந்த பாடத்தை ஓர் எழுத்து விடாமல் செய்த ஒரே ஆள், கையில் போனை நீட்டிக்கொண்டு நின்றாள். 'தொடாதீங்க' என்று ஒரு வார்த்தை போதும். சின்னு பூட்டு சாரின் முதுகைப் பார்த்தாள். மூச்சு விடக்கூடாது என்றாரே. சித்தி என்பதால் சொல்லிக்கொடுத்தாள் என்று பேர் வந்தால்? நாலு வாரத்தில் நிரந்தர வேலை கேட்க வேண்டியவள் அல்லவா?

"எனக்கு வேலை தலைக்கு மேல இருக்கு சித்தி. உங்க செக்‌ஷன் மெயில், நீங்கதானே பாத்துக்கணும்."

சித்தியின் முகம் தெளிந்ததுதான் கொடுமை. ஆபத்தாக இருந்தால் என் அக்கா பெண் சொல்லாமல் இருப்பாளா என்ற தெளிவு அது. "சரி கண்ணு, நீ வேலையப் பாரு," என்று படியிறங்கிப் போனாள். பத்து இருபதுக்கு அவள் கடவுச்சொல் வந்து விழுந்தது.

சாயங்காலம் சின்னு பட்டியலைப் பார்த்தாள். சித்தியின் பெயருக்கு எதிரே 'மூன்றாவது முறை' என்று இருந்தது. முன்னால் இரண்டு தடவை மாட்டியதைச் சித்தி வெட்கப்பட்டு வீட்டில் சொல்லவே இல்லை.

"அறுபத்தோரு பேர்! இதுவரைக்கும் இவ்வளவு பேர் மாட்டினதில்ல," என்றார் பூட்டு சார். பிறகு பக்கத்துக் கட்டத்தைத் தட்டிக் காட்டி உச்சுக்கொட்டினார். "நம்மகிட்ட வந்து கேட்டவங்கன்னு ஒரு கட்டம் வச்சிருக்கேன் பாரு, நாலு வருஷமா காலியாவே கிடக்கு. ஒருத்தருக்காவது வந்து கேக்கத் தோணுதா?"

சின்னு அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டு அறிக்கையை மூடினாள்.

மூன்றாம் நாள் விசாரணை. பணியாளர் அதிகாரி ஒரு பக்கம், பூட்டு சார் ஒரு பக்கம், எதிரே சித்தி. குறிப்பெடுக்கச் சின்னுவை உட்காரவைத்தார்கள்.

"மெயில் வந்தப்போ யார்கிட்டயாவது கேட்டீங்களா?" என்றார் அதிகாரி.

பேனா நின்றது. சித்தி அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"இல்லீங்க. பதட்டத்துல நானே தொட்டுட்டேன்."

"இது மூணாவது தடவைங்க."

"தெரியுங்க." சித்தி புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "கிடங்குலதான் போடுவீங்கன்னா, ராத்திரி மட்டும் வேண்டாம்னு எழுதிக் கொடுக்கலாங்களா? வீட்டுல அவருக்கு முடியல."

அதற்கு விதியில் இடமில்லை என்றார் அதிகாரி. 'யாரிடமும் கேட்கவில்லை' என்று சின்னு தன் கையாலேயே எழுதினாள். எழுதும்போது எழுத்துகள் கலங்கின. தன்மீதே அவளுக்கு அப்படியோர் அருவருப்பு வந்தது. பயமுறுத்துவதற்காக அவள் இட்டுக்கட்டிய பொய், அடுத்த வாரம் முதல் அப்படியே நடக்கப் போகிறது. சித்தப்பாவை ராத்திரியில் யார் புரட்டிவிடுவார்கள்? அப்படியிருந்தும் அவளைக் காட்டிக்கொடுக்கச் சித்திக்கு மனசு வரவில்லை.

மதியம் பூட்டு சார் சாப்பிடப் போனதும் அவள் அறிக்கையைத் திறந்தாள். நாலு வருஷமாகக் காலியாகக் கிடந்த கட்டத்தில் சித்தியின் பெயரைப் போட்டாள். கீழே எழுதினாள்: 'காலை 10.12க்கு நேரில் வந்து கேட்டார். பயிற்சியாளரான நான் பதில் சொல்லாமல் திருப்பி அனுப்பினேன். அதன் பிறகே திறந்தார். விசாரணையில் இதை நான் மறைத்தேன்.' அதிகாரிக்கும் ஒரு பிரதி அனுப்பினாள்.

பூட்டு சார் திரும்பி வந்து படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அனுப்பறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டவங்களுக்கு என்ன ஆச்சுன்னு பாத்தேனே சார்."

அவர் முகம் சிவந்தது. ஆனால் திட்டவில்லை. அறிக்கையையும் திருத்தவில்லை.

சித்தியின் மாற்றல் நின்றது. விசாரணையில் உண்மையை மறைத்ததற்காகச் சின்னுவின் பயிற்சியை அந்த வாரத்தோடு முடித்துவிட்டார்கள். அது அவளுக்கு அவ்வளவாக வலிக்கவில்லை. சித்தி ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. எப்போதும்போல் தட்டு வைத்தாள், எப்போதும்போல் 'இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ' என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஊருக்குக் கிளம்பப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள் சின்னு. சித்தியின் போனில் ஏதோ வந்து விழுந்தது. வழக்கமாக 'கண்ணு, இது என்னன்னு பாரு' என்று நீட்டுகிற கை, இன்று கட்டில் பக்கம் போனது. சித்தப்பாவின் முகத்துக்கு நேரே போனைப் பிடித்தாள்.

"இதத் தொறக்கலாமாங்க?"

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். எழுத்துக் கூட்டி முடிக்க அவருக்கு நேரம் பிடித்தது. கடைசியில் இடது கையை மெல்ல ஆட்டினார். வேண்டாம்.

சின்னு எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். மருந்துக்கடையிலிருந்து வந்தது. சித்தப்பாவின் மாத்திரை தயார், எப்போது அனுப்பட்டும் என்று கேட்டிருந்தார்கள். போன மாதம் வந்த அதே எண்.

"நல்ல மெசேஜ்தான் சித்தி. நம்ம கடைதான். தொறக்கலாம்."

சித்தி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பார்வையில் கோபம் கொஞ்சமும் இல்லை.

"இருக்கட்டும் கண்ணு. நான் நேர்லயே போய்க் கேட்டுக்கறேன்."

போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள்.