முழங்கை அசைந்தால்

கத்திரிச் செடிகளுக்கு நடுவே கோவிந்தன் மண்வெட்டியால் ஒரு சாலின் வாயை அடைத்துவிட்டு அடுத்த சாலுக்குத் தண்ணீரைத் திருப்பினான். கிணற்றோரம், மோட்டார் கொட்டகைக்கு முன்னால் அவன் மனைவி முனிலட்சுமி காய்களைத் தரம் பிரித்தபடி உட்கார்ந்திருந்தாள். பூச்சிக் காய் ஒரு பக்கம், நல்ல காய் கூடையில். கைதான் அந்த வேலையைச் செய்தது. காது மோட்டார் சத்தத்திலேயே இருந்தது. கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டால் சத்தம் மாறும். மாறியதும் எழுந்து போய் நிறுத்த வேண்டும்.

மாசி மாதத்தில் அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்த அரை மணி நேரத்தில் மோட்டார் தண்ணீரில்லாமல் வெறுமனே ஓடி, உள்ளே கம்பிச் சுருள் கருகிப்போயிற்று. கோவிந்தன் பத்தடி தள்ளிக் களை வெட்டிக்கொண்டுதான் இருந்தான். கருகல் வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் திரும்பிப் பார்த்தான். மோட்டாரை மத்தூருக்கு எடுத்துப் போய்ச் சுருளைப் புதிதாகக் கட்டிக்கொண்டு வருவதற்குள் பாதிச் செடி வாடிவிட்டது. அதற்குப் பிறகு மோட்டார் ஓடும்போது அவள் எங்கும் போவதில்லை. பாரூரில் தங்கை வீட்டு விசேஷத்துக்குக்கூடத் தலையைக் காட்டிவிட்டு ஓடி வந்துவிட்டாள்.

வண்டிப் பாதையில் பைக் ஒன்று வந்து நின்றது. முனிலட்சுமி துண்டை எடுத்து வீசிக் காட்டினாள். கோவிந்தன் நிமிர்ந்து பார்த்தான். ரத்தினவேல்.

இருவரும் கிருஷ்ணகிரி ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவர்கள். இரண்டு வருடம் ஒரே பெஞ்சு. பிறகு ஓசூர் சிப்காட்டில் ஒரே கம்பெனியின், இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் ஷாப்பில் இருபத்து நாலு வருடம். போன வருடத்துக்கு முந்தைய வருடம் ஆளைக் குறைத்தபோது கோவிந்தன் வெளியே வந்தான். ரத்தினவேல் இன்னும் அங்கேதான் இருக்கிறான்.

ரத்தினவேல் பைக்கை விட்டு இறங்காமலே கட்டை விரலை வாய்க்குக் கொண்டுபோய்ச் சாய்த்துக் காட்டினான். டீ உண்டா என்று அர்த்தம். கோவிந்தனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிரஸ் ஓடும் இடத்தில் வாயால் பேசிப் பயனில்லை. காலரைத் தொட்டால் சூப்பர்வைசர் வருகிறார். முஷ்டியை மூடி இரண்டு முறை விரித்தால், என்னாச்சு என்று கேள்வி. அந்தக் கைப்பேச்சு இரண்டு பேருக்கும் தாய்மொழி மாதிரி ஆகிவிட்டிருந்தது.

"என்னாடா கோவிந்தா, முழு வெவசாயி ஆயிட்டே!"

"ஷிப்டு இல்ல, பெல்லு இல்ல. ஆனா லீவும் இல்லடா!"

கொட்டகைக்குப் பின்புறம் புங்க மர நிழலில், மோட்டாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருவரும் கல்லின் மேல் உட்கார்ந்தார்கள். கூடப் படித்தவர்களைப் பற்றிப் பேச்சு வந்தது. கமலக்கண்ணன் அத்திப்பள்ளியில் லேத் பட்டறை வைத்திருக்கிறான், கன்னடத்திலேயே திட்டுகிறான். சந்தோஷுக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறது. இரண்டு பேரும் கத்திக் கத்திப் பேசியதில், பக்கத்துக் காட்டில் மாடு மேய்த்த மாதம்மாள் சண்டையோ என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"இங்க எப்படிடா பொழுது போவுது?" என்றான் ரத்தினவேல்.

"செடிகிட்ட எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. அது பேசாது. எல பாத்தா போதும், தண்ணி வேணுமா மருந்து வேணுமான்னு தெரிஞ்சிடும். மனுசங்ககிட்டதான் தகராறு. போன மாசம் பின்னாடி ஒரு டிராக்டர்க்காரன் வந்து ஆரன் அடிச்சிருக்கான். நான் நடுப்பாதையில போய்க்கினே இருக்கேன். எறங்கி வந்து சட்டையப் புடிச்சிட்டான்."

முனிலட்சுமி ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து ரத்தினவேலின் பக்கத்தில் வைத்தாள்.

"அண்ணா, இவரு வெக்கப்பட்டுக்கினு சொல்ல மாட்டாரு. நானே சொல்றேன். பிரஸ் சத்தத்துலதான் காது போச்சு, பென்ஷன் குடுங்கன்னு எழுதிப் போட்டோம். மெடிக்கல் போர்டுல கம்பெனி ரிப்போர்ட்டு கேட்டாங்க. பதினேழு வருச ரிப்போர்ட்டு வந்திருக்குது. எல்லாத்துலயும் நார்மல்."

ரத்தினவேல் கவரைப் பிரிக்கவில்லை. உள்ளே என்ன இருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

காதைச் சோதிக்க வருடத்துக்கு ஒரு முறை கம்பெனிக்கு வேன் வரும். கண்ணாடி வைத்த சின்ன அறை. காதில் ஹெட்போன். 'பீப்' கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். முதல் வருடம் தேறாத நாலு பேரைப் பிரஸ் ஷாப்பிலிருந்து எடுத்துக் கம்பெனித் தோட்டம் கூட்டும் கான்ட்ராக்டில் தள்ளினார்கள். அடுத்த வருடம் கோவிந்தன்தான் அதைக் கண்டுபிடித்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பெண் பொத்தானை அழுத்தும்போது அவளுடைய முழங்கை அசைகிறது. அசைந்தால் விரலைத் தூக்கு, அவ்வளவுதான். வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் பெருமையோடு சொல்லிக்கொடுத்தான். முதலில் கற்றுக்கொண்டவன் ரத்தினவேல். அன்று முழு பிரஸ் ஷாப்பும் தேறியது. கோவிந்தனைத் தோளில் தூக்காத குறை.

"கூட வேலை செஞ்சவங்க ஒருத்தராவது எழுதிக் குடுக்கணுமாம்ணா. முழங்கையப் பாத்துத்தான் எல்லாரும் பாஸ் ஆனோம்னு. அது கெடைச்சா இவருக்கு ரெண்டு காதுக்கும் மிஷின் வரும், பென்ஷன் வரும். இல்லன்னா சாவற வரைக்கும் நான்தான் இவரு காது."

கவருக்குள் வெள்ளைத் தாளில் எல்லாம் டைப் செய்யப்பட்டிருந்தது. கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

ரத்தினவேல் நெற்றியைத் தேய்த்தான். "இல்லம்மா. அது இவன் செஞ்சது. நான் பீப் சத்தம் கேட்டுத்தான் வெரலத் தூக்கினேன். எனக்குக் காது நல்லாத்தான் இருக்குது."

முனிலட்சுமி அவன் முகத்தையே பார்த்தாள். அழுகை வந்தது. விருந்தாளி முன்னால் அழக் கூடாது என்று திரும்பிக்கொண்டாள்.

"நான் போய் டீ கொண்டாறேன். தண்ணி இப்ப எறங்கற நேரம். உங்களுக்குத்தான் கேக்குதே, மோட்டார் சத்தம் மாறினா நிறுத்திடுங்கண்ணா."

"நீ போம்மா. நான் பாத்துக்கறேன்."

அவள் வரப்பின் கோடியில் இருந்த வீட்டுக்குப் போனாள்.

பிறகு ரத்தினவேல், "இன்னும் எட்டு வருசம் சர்வீஸ் இருக்குதுடா. பொண்ணு பிரியதர்ஷினி நர்சிங் ரெண்டாம் வருசம். இதுல கையெழுத்துப் போட்டா, நானும் அப்படித்தான்னு ஆயிடும். நாளைக்கே துடைப்பத்தக் குடுத்துடுவான்" என்றான்.

கோவிந்தன் அவன் உதடுகளைப் பார்த்தே எல்லாவற்றையும் புரிந்துகொண்டான்.

"தெரியும்டா. அதனாலதான் நான் உன்னக் கேக்கல. சொல்லிக் குடுத்தவன் நானு. என் மேலதான் எனக்குக் கோவம்." மண் ஒட்டிய கையால் நண்பனின் முழங்காலைத் தட்டினான். "உனக்கு நெசமாலுமே கேக்குதா?"

"கேக்குதுடா."

"அப்ப சரி." அதைக் கேட்டதும் கோவிந்தனுக்கு மனசு லேசாகிவிட்டது. தான் சொல்லிக்கொடுத்ததில் ஒருவனாவது கெட்டுப் போகாமல் இருக்கிறானே. "நீ எட்டு வருசம் கழிச்சு இங்க வந்துடு. பக்கத்துல ஒரு ஏக்கர் வெலைக்கி வருது. நீ சாமந்தி போடு."

"மல்லி போடலாமா?"

"மல்லிக்கு ஆளு கெடைக்காது."

பறிக்க ஆள், அதற்குக் கூலி, பஸ்ஸில் ஏற்றினால் எத்தனை மணிக்குப் பூ மார்க்கெட் போய்ச் சேரும் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டே போனார்கள். ரத்தினவேல் ஒரு குச்சியால் மண்ணில் பாத்தி கீறிக் காட்டினான். கோவிந்தன் குனிந்து அதைத் திருத்தினான்.

முனிலட்சுமி அவர்களைத் தாண்டி ஓடினாள். புடவையெல்லாம் டீ கொட்டியிருந்தது. வரப்பின் நடுவில் சொம்பு உருண்டு கிடந்தது. வீட்டு அடுப்படி வரைக்கும் கேட்ட மோட்டாரின் அலறலை நோக்கி ஓடி, கொட்டகைக்குள் நுழைந்து சுவிட்சை இழுத்துவிட்டாள். மோட்டார் முனகி அடங்கியது. குழாயின் வாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

மூச்சு வாங்கிக்கொண்டு அவள் வெளியே வந்து அவர்கள் முன்னால் நின்றாள். இரண்டு ஆண்களும் அவளை நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரே நேரத்தில் இரண்டு முஷ்டிகள் மூடி, இரண்டு முறை விரிந்தன.

அவள் ரத்தினவேலின் கையை மட்டும் பார்த்தாள். விரிந்த கையை அவன் மடக்கவில்லை. அதற்குக் கீழே, கல்லின் மேல், பிரிக்காத கவருக்குள் பதினேழு நார்மல்கள் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன.