இடப்பக்கத்தில் நான்

தட்டின் வலப்பாதியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார் என் வீட்டுக்காரர். இடப்பாதி அப்படியே கிடந்தது. வலப்பக்கம் உட்கார்ந்திருந்த மகள் தட்டைத் திருப்பி வைத்தாள். மிச்சத்தையும் சாப்பிட்டார்.

மூளையின் வலப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதிலிருந்து இப்படித்தான். கண்ணில் கோளாறில்லை. ஆனால் இடப்பக்கம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. காலமெல்லாம் லாரி ஓட்டியவர், இடப்பக்கக் கண்ணாடியைப் பார்க்காமல் ஒரு வளைவிலும் திரும்பாதவர்! சவரமும் பாதி முகத்துக்குத்தான். கேட்டால், "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்பார். குரலில் கோபமும் இல்லை, கொஞ்சலும் இல்லை.

நான் உட்கார்ந்திருப்பதோ இடப்பக்கம். பயிற்சி கொடுக்க வரும் பெண்ணின் உத்தரவு. "வலது பக்கம் போயிடாதீங்கம்மா. அவரே தேடித் திரும்பணும். திரும்பினாத்தான் நடக்கப் பழக்க முடியும்." அவள் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறேன். கூப்பிட்டாலும் வலப்பக்கமே தேடுகிறார்.

"உங்க அம்மா வரலையா?" என்றார் மகளிடம்.

"பக்கத்துலதான் இருக்காங்கப்பா."

"பொய் சொல்லாத. கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா. லாரி லாரின்னே இருந்துட்டேன்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷத்தில் இதை என் முகத்துக்கு நேரே ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா? அழுகையும் வந்து தொலைத்தது.

வலக்கையால் மடியைத் துழாவியவர், அங்கே அசையாமல் கிடந்த தன் இடக்கையைத் தொட்டார்.

"இது யாரு கை?"

"உங்க கைதாம்ப்பா."

"என் கை எனக்குத் தெரியாதா? இது உங்க அம்மா கை. சில்லுன்னு இருக்கு பாரு."

போர்வையை இழுத்து அதை மூடினார். உள்ளே கைவிட்டுத் தடவிக்கொடுத்தார். கல்யாணமான புதிதில்கூட என் கையை இப்படித் தடவியதில்லை. அவர் கை மேலேயே எனக்குப் பொறாமை!

பொறுக்கவில்லை. போர்வைக்குள் என் கையை நுழைத்து அதன் பக்கத்தில் வைத்தேன். அவர் விரல்கள் நின்றன. பிறகு என் வளையலைத் திருகிப் பார்த்தன.

"ரெண்டு கையும் இங்க இருக்கே," என்றார் அதே வறண்ட குரலில். "அப்ப ஆளு எங்க?"

மகள் வாயைத் திறந்தாள். கண்ணாலேயே அடக்கினேன். அவர் விரல்கள் என் முழங்கைக்கு ஏறின, தோளுக்கு வந்தன. பின்னாலேயே கழுத்தும் மெல்ல மெல்லத் திரும்பியது, பாரம் ஏற்றிய லாரி வளைவில் திரும்புவது போல.

என் முகத்தில் வந்து நின்றது பார்வை.

"எப்ப வந்தே?"

"இப்பத்தாங்க," என்றேன்.