வெள்ளையாக இருந்த பகுதி

துறைமுகப் பகுதிக் குழுவைக் கலைக்கப் போகிறார்கள் என்பது என் அக்காவுக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தது மட்டுமா? கலைப்பதற்கான படத்தைப் போட்டுக் கொடுத்தவளே நான்தான்.

எங்கள் நிறுவனம் லிஃப்ட் பராமரிக்கிறது. நகரத்தைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு. அக்கா துறைமுகப் பகுதியின் மேற்பார்வையாளர். கிரீஸும் ஏணியும் மொட்டைமாடி மோட்டார் அறையுமாக அவள் வேலை. நான் தலைமை அலுவலகத்தில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, வருகிற எண்களையெல்லாம் மென்பொருளில் போட்டு அறிக்கை செய்பவள். எங்கள் இருவருக்கும் மேலே ஒரு மண்டல மேலாளர். யார் வாயைத் திறந்தாலும் "சுருக்கமா சொல்லுங்க" என்பார். அதனால் அலுவலகத்தில் அவருக்குச் சுருக்கம் என்றே பெயர்.

அன்று என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"இந்தப் பட்டை பட்டையா நிக்கிறதை எல்லாம் டைரக்டர் மேடம் பாக்க மாட்டாங்க. மேப்ல போடு. எங்க பிரச்சினை அதிகமோ அந்த இடம் நல்லா சிவக்கணும். சுருக்கமா, பாத்த உடனே தெரியணும்."

போட்டேன். பகுதிகளின் எல்லைக்கோடுகள் இருந்த கோப்பை ஏற்றினேன். ஒவ்வொரு எல்லைக்குள்ளும் எத்தனை பழுது அழைப்புகள் பதிவாகியிருக்கின்றன என்பதைச் சேர்த்தேன். குறைந்தால் வெள்ளை, கூடக்கூடச் சிவப்பு என்று சாயத்தைத் தேர்ந்தேன். துறைமுகம் அடிபட்ட இடத்தில் ரத்தம் கட்டினாற்போல் சிவந்தது. மேற்குப் பகுதி சலவைக்குப் போய் வந்தது போல வெள்ளை வெளேரென்று இருந்தது.

படம் அழகாக வந்திருப்பதாக அந்தக் கணம் எனக்குத் தோன்றியதே, அதை நினைத்தால்தான் இன்னும் உடம்பு கூசுகிறது.

"படமே பேசுது பாரு," என்றார் சுருக்கம். "துறைமுகக் குழுவைக் கலைச்சு வேலையை மேற்கு ஆளுங்க கையில கொடுத்துட வேண்டியதுதான். உங்க அக்கா டீம்தானே அது? தப்பா எடுத்துக்காதம்மா. நம்பர் பொய் சொல்லாது."

எண் பொய் சொல்லாது. ஆனால் எண்ணைச் சொல்லாமலே விட்டுவிடலாம் அல்லவா? அப்போது இந்தக் கேள்வி என் வாயில் வரவில்லை. தலையை ஆட்டினேன். நன்றாக ஆட்டினேன்.

சாயங்காலம் அக்காவைத் தேடிப் போனேன். பழைய அடுக்குமாடி ஒன்றின் உச்சியில், மோட்டார் அறைக் கதவில் சாய்ந்து கையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். சிவப்பு போட்டது நான் என்பதையும் சொன்னேன்.

அவள் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"சின்ன வயசுல கோட்டுக்கு வெளிய ஒரு துளி போகாம கலர் அடிச்சுப் பரிசு வாங்கினவதானே நீ? இன்னும் அதே வேலைதான் பாக்கறியா?"

"அக்கா, சொன்னாங்க, செஞ்சேன்."

"செஞ்சே. நல்லா செஞ்சிருக்கே. ஏண்டி, என் ஏரியாவுல ஏன் அழைப்பு அதிகம்னு உனக்குமா தெரியாது?"

தெரியும். எங்கள் வீட்டில் தெரியாதவர் யார்? அத்தானும் இதே நிறுவனத்தில் மெக்கானிக்காக இருந்தவர். ஒருமுறை தெரிந்தவர் ஒருவர் நேராகப் போனில் கூப்பிட்டார் என்று, பதிவு எதுவும் போடாமல் போனார். லிஃப்ட் பெட்டியின் தலைமேல் ஏறி நின்று வேலை செய்துகொண்டிருந்தபோது, உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் யாரோ மின்சாரத்தைப் போட்டுவிட்டார்கள். வலது கையில் இரண்டு விரல்கள் போயின. அன்றிலிருந்து அக்காவின் குழுவுக்கு ஒரே சட்டம்: பதிவு போடாமல் கருவிப் பெட்டியைத் தொடக்கூடாது. ஒரு குழந்தை கதவிடுக்கில் பந்தை மாட்டிவிட்டாலும் சரி, பதிவு. யார் எந்தக் கட்டடத்துக்குள் இறங்கியிருக்கிறார்கள் என்பது திரையில் தெரிந்தாக வேண்டும். அதைத்தான் நான் சிவப்பாக்கியிருந்தேன்.

"மத்தவங்க போடறதில்ல," என்றாள் அக்கா. "அழைப்பு குறைஞ்ச ஏரியாவுக்குத்தானே வருஷா வருஷம் மேடையில கேடயம் குடுக்கறீங்க? எவன் போடுவான்? மேற்குல லிஃப்ட்டெல்லாம் என்ன காத்துலயா ஓடுது? கயிறு தேயாதா அங்க? கதவு உருளை உடையாதா?"

படி இறங்கும்போது இந்தக் கேள்வி என்னோடு இறங்கியது. ஆள் இறங்கியதை மறைக்கலாம். புதுக் கயிற்றை எப்படி மறைப்பது? உதிரிபாகம் எல்லாம் ஒரே கிடங்கிலிருந்துதான் போகிறது. எந்தப் பகுதிக்கு எது போனது என்பது அதே மென்பொருளில், யாரும் திறந்து பார்க்காத மூலையில் கிடக்கிறது.

மறுநாள் காலை முதல் வேலையாக அந்தப் படத்தின்மேல் இன்னோர் அடுக்கை, இன்னொரு லேயரை, சேர்த்தேன். அதே எல்லைகள், அதே சாயம். பதிவான அழைப்பு ஒன்றுக்கு எத்தனை பாகம் செலவாகியிருக்கிறது என்பது மட்டும் உள்ளே. துறைமுகம் வெளுத்தது. மேற்கு, திரையே பற்றிக்கொண்டது போல எரிந்தது. இந்த முறை அழகாக இருப்பதாகத் தோன்றவில்லை. அத்தனை சிவப்பும், எங்கே போனார்கள் என்று எவருக்கும் தெரியாமல் இருட்டுக்குள் இறங்கிய மனிதர்கள்.

சுருக்கத்திடம் காட்டப் போனேன்.

"சார், இதையும் ஒருதடவை பாருங்க. மேற்குல பதிவே போடாம..."

"சுருக்கமா சொல்லும்மா."

"சொல்றேன் சார். பாகம் போயிருக்கு, ஆனா..."

"இதெல்லாம் வேணாம். மேடம் குழம்பிடுவாங்க. ஒரு லேயர் போதும். அந்த இன்னொண்ணை மறைச்சு வை."

மறைத்து வை என்றார். அழி என்று அவர் சொல்லவில்லை. மறைத்த அடுக்கைத் திரும்பக் கொண்டுவர ஒரே ஒரு பெட்டியில் ஒரு டிக் போதும். இதுகூடத் தெரியாத ஒருவர் என் அக்காவின் குழுவைக் கலைக்கக் கிளம்பியிருக்கிறார் என்பதில் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. அதைவிடப் பெரிய கோபம் என் தலைமீது. ஆட்டச் சொன்ன உடனே ஆடிய தலை.

அன்று பிற்பகல் கூட்டத்தில் இயக்குநர் மேடம் மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மவுஸ் என் கையில். சுருக்கம் எழுந்து துறைமுகத்தின் சிவப்பைக் காட்டிப் பேசினார். அன்று மட்டும் பேச்சு சுருக்கமாக இல்லை. "பழுதே இல்லாத மேற்கு" என்று அவர் சொன்னபோது என் விரல் தானாக அந்தப் பெட்டியைத் தொட்டது.

சிவப்பு துறைமுகத்திலிருந்து மேற்குக்குத் தாவியது.

"என்ன இது?" என்றார் மேடம்.

"தப்பா கை பட்டிருச்சு மேடம். எடுத்துடும்மா," என்றார் சுருக்கம்.

"தப்பா படல மேடம்," என்றேன். "மேற்குல பாகமெல்லாம் மாத்தியிருக்காங்க. மாத்தப் போன ஆளுங்க மட்டும் கணக்குல இல்ல."

"அது ஒண்ணுமில்ல மேடம், சின்னச் சின்னதை எல்லாம் போன்லயே முடிச்சிடறாங்க."

"போன்ல எப்படி சார் கயிறு மாத்துவாங்க?"

கோடியில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். மேடம் சிரிக்கவில்லை.

"இப்ப, இந்த நிமிஷம், மேற்குல லிஃப்ட் குழிக்குள்ள யாராவது இருக்காங்களா?"

சுருக்கம் தன் திரையைப் பார்த்தார். "சிஸ்டத்துல யாரும் இல்ல மேடம்."

"போன் போடுங்க. ஸ்பீக்கர்ல."

மேசைமேல் இருந்த தொலைபேசியில் போட்டார். மேற்குப் பகுதி மேற்பார்வையாளரின் குரல் அறை முழுவதும் உற்சாகமாக நிறைந்தது.

"சொல்லுங்க சார்! சந்தைக்குப் பின்னாடி இருக்கிற கட்டடத்துல ரெண்டு பேரைக் குழியில இறக்கிவிட்டுட்டு இப்பதான் டீ குடிக்க வந்தேன். கவலையே படாதீங்க, பதிவெல்லாம் போடல. கேடயம் இந்த வருஷமும் நமக்குத்தான்!"

சுருக்கம் அவசரமாக இணைப்பைத் துண்டித்தார்.

"துறைமுகக் குழு மேல யாரும் கை வைக்க வேண்டாம்," என்றார் மேடம். "டீ முடிச்சுட்டு உக்காருவோம். நீங்களும் இருங்க சார்."

வராந்தாவில் சுருக்கம் என்னைப் பிடித்துக்கொண்டார். "இதை முதல்லயே என்கிட்டத் தனியா சொல்லியிருக்கலாமேம்மா?"

"காலையில சொன்னேன் சார். உங்களுக்கு நீளமா இருந்துச்சு."

இப்படி ஒரு பதிலை வாழ்நாளில் நான் யாருக்கும் சொன்னதில்லை. கால் தரையில் பாவாமல் ஜன்னலோரம் போய் அக்காவை அழைத்தேன். மூச்சு விடாமல் கொட்டினேன். சிவப்பு தாவியது, கயிறு, ஸ்பீக்கர், டீ, கேடயம், மேடம் சொன்ன வார்த்தை. உங்க குழுவுக்கு ஒண்ணும் ஆகாது அக்கா, ஒண்ணுமே ஆகாது.

அவள் துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன்.

"அந்த ரெண்டு பேரும் மேல வந்தாங்களா?" என்றாள் அக்கா.

"எந்த ரெண்டு பேரு?"

"குழியில இறக்கினான்னு சொன்னியே. ஆளை உள்ள விட்டுட்டு அவன் டீ குடிக்கிறான். மெயின் ஸ்விட்ச்சை யாரு பாத்துக்கறா? உள்ள ஆள் இருக்குன்னு வெளிய போர்டு மாட்டினானா? நீங்க யாராவது கேட்டீங்களா?"

யாரும் கேட்கவில்லை. அத்தனை பேர் அந்தக் குரலைக் கேட்டோம். சுருக்கத்துக்குக் கேடயம் போன கவலை. மேடத்துக்கு வேறு கணக்கு. எனக்கு என் வெற்றி. ஆளைக் காணவில்லை என்று சொல்லத்தானே அந்த அடுக்கைப் போட்டேன்? கண்ணெதிரே ஆள் கிடைத்தபோது அவர்களை எண்ணாகத்தான் எடுத்துக்கொண்டேன், நானும்.

திரும்ப ஓடினேன். அறையில் டீ பரிமாறிக்கொண்டிருந்தார்கள். திரையில் மேற்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. யாரோ அதைக் காட்டி, இந்தச் சிவப்பு கண்ணைக் குத்துகிறது, இளநீலமாக மாற்றலாமே என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாரையும் கேட்காமல் மேசைத் தொலைபேசியை இழுத்து அதே எண்ணை மறுபடி அழுத்தினேன்.

"குழியில இருக்கிறவங்க மேல வந்தாச்சா?"

"யாரும்மா நீங்க? அவங்க பாட்டுக்கு வேலை செஞ்சுட்டு..."

"டீயை வெச்சுட்டு ஓடுங்க. மெயின் பக்கத்துல போய் நில்லுங்க. ரெண்டு பேரையும் மேல கூப்பிட்டு என்கிட்ட பேசச் சொல்லுங்க. போனை வெக்காதீங்க."

நான் கத்தியிருக்க வேண்டும். அறையில் கோப்பைகளின் ஓசை நின்றுவிட்டது. சுருக்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையை உயர்த்தியதும் நிறுத்திக்கொண்டார். ஸ்பீக்கரில் செருப்புச் சத்தம், ஒரு வண்டியின் ஹார்ன், இரும்புக் கதவு இழுபடும் சத்தம். பிறகு ஒரு பள்ளத்துக்குள் கூப்பிடுகிற குரலும் அதன் எதிரொலியும். பதில் உடனே வரவில்லை.

"ஹலோ," என்றது ஒரு புதுக்குரல், மூச்சு வாங்கிக்கொண்டே. "யாருங்க?"

"துறைமுகத்துலேருந்து கேக்கச் சொன்னாங்க," என்றேன். "இன்னொருத்தர் எங்க?"

"பின்னாடி ஏறிட்டிருக்காருங்க."

"சரி. அவர் வந்து பேசட்டும். நான் இருக்கேன்."