தங்கம் கக்கும் சுவர்

தேயிலைத் தோட்டத்து மேற்கணக்கு லய வரிசையில், ஏழாம் காம்பரா என்ற ஒற்றை அறையில் பிறந்து, அதே காம்பராவில் வளர்ந்து, அதே காம்பராவுக்குப் பெண்டாட்டியையும் கூட்டிவந்த நிஷாந்துக்கு இருபத்தெட்டு வயதில் மூன்று தொழில்கள் இருந்தன. வாரத்தில் நான்கு நாள் பண்டாரவளைச் சந்தையில் மரக்கறி மூட்டை இறக்குவான். இரண்டு நாள் தோட்டத்தில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவன் கோடீஸ்வரன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் பெயர் ‘லில் லயம்’. வெளிநாட்டு ராப் பாடகர்கள் நாய்ச்சங்கிலி கனத்துக்குத் தங்கம் போட்டுக்கொண்டு, நீளக் காரில் காலை நீட்டி, நோட்டை மழையாகப் பொழிவார்கள் அல்லவா? அதையெல்லாம் அவன் கொஸ்லந்தைக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் செய்து காட்டினான். முதல் வீடியோவில் கொழுந்து ஏற்றும் டிராக்டரில் பிளாஸ்டிக் கதிரை போட்டுச் சாய்ந்து வந்தான். கறுப்புக் கண்ணாடி போட்ட ஆறு ஆடுகள் மெய்க்காவலுக்கு நடந்தன. இரண்டாவதில், குழாய் வெடித்துத் தேங்கிய பள்ளத்தில் மிதந்துகொண்டு, நோட்டுக்குப் பதிலாகக் கொழுந்தை அள்ளி வானத்தில் வீசினான். வீசியது அவன் மனைவி ஜீவராணி அரை நாள் நின்று பறித்த கொழுந்து. அன்றைக்கு அவனுக்குச் சோறு போட்டது அவன் அப்பா வீரசிங்கம்தான்.

படம் பிடிப்பதும் வெட்டி ஒட்டுவதும் மபாஸ். பண்டாரவளையில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் கூட்டாளி. இந்த இரண்டு வீடியோவையும் பார்த்தவர்கள் மொத்தம் நானூற்றுப் பதினொரு பேர். அதில் இருநூறு தடவை தானே பார்த்ததாக மபாஸ் ஒருநாள் ஒப்புக்கொண்டான்.

மூன்றாவது வீடியோ சுவரைப் பற்றியது.

ஏழாம் காம்பராவின் பின்சுவர் மலையைப் பார்த்தது. அதில் கூரையிலிருந்து தரைவரை ஒரு வெடிப்பு. மலை இறங்குகிறது என்று மண்சரிவு பார்க்கும் காரியாலயத்திலிருந்து ஆட்கள் வந்து சொல்லி இரண்டு வருடத்துக்கு மேலாகிவிட்டது. கீழே சமதரையில் இருபது வீடு கட்டினார்கள். லயங்களில் இருந்ததோ ஐம்பத்திரண்டு குடும்பம். யாருடைய சுவர் வேகமாகப் பிளக்கிறதோ அவர்களுக்கு முதலில் வீடு என்று முடிவானது. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழியும் சொல்லித் தந்தார்கள்: மாதத்தின் முதலாம் திகதி, வெடிப்பின் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு இழுக்க வேண்டும். பக்கத்தில் திகதி. அதன் கீழே எத்தனை மில்லிமீட்டர் என்ற அளவு. மற்றபடி வெடிப்பைத் தொடவே கூடாது, பூசவும் கூடாது.

வீரசிங்கம் இருபத்தாறு மாதம் கோடு போட்டார். சாமி கும்பிட்டுவிட்டு, அடிமட்டத்தைத் துடைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுப்பார். நான்கு மில்லிமீட்டரில் தொடங்கியது முப்பத்தொன்றுக்கு வந்திருந்தது. லயத்திலேயே அதிகம்.

“நமக்குத்தான் முதல் வீடு” என்பார், பரீட்சையில் பிள்ளை முதலாவதாக வந்ததைப் போல.

ஜீவராணிக்கு அப்போது ஏழு மாதம். “பிள்ளைய புது வீட்டுக்குத்தான் மாமா தூக்கிட்டு வருவேன்” என்று அவரிடம் சொல்லிவைத்திருந்தாள். அவரும் தலையாட்டிவைத்திருந்தார்.

வீரசிங்கம் தேயிலை அரைக்கும் ஸ்டோருக்கு வேலைக்குப் போயிருந்தார். ஜீவராணி லுணுகலையில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மபாஸ் கெமராவோடு வந்தான். சுவர் பிளந்து, உள்ளேயிருந்து ஒரு தங்கக் கை வெளியே வந்து, தங்கக்கட்டிகளை நீட்ட வேண்டும். இதுதான் திட்டம். தங்கக்கட்டி என்பது மினுக்குத் தாள் சுற்றிய மாரி பிஸ்கட் பெட்டி. தங்கம் என்பது அம்மன் கோயில் வாகனத்துக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட்.

மபாஸ் கெமராவுக்குள் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

“வெடிப்பு பத்தாது மச்சான். தலைமயிர் ஒட்டின மாதிரித்தான் தெரியுது. கை போகணும்னா இன்னும் தொறக்கணும்.”

“அப்பா கோடு போட்டு வச்சிருக்காருடா. தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

“கோட்ட போட்டோ எடுத்து வச்சுக்கவேன். பூமி என்ன, உங்கிட்ட கேட்டுக்கிட்டா பொளக்குது? எப்பிடியும் பொளக்கத்தான் போவுது.”

நிஷாந்த் யோசித்தான். யோசித்தான் என்பதுதான் கொடுமை. யோசிக்காமல் செய்திருந்தால் மன்னிப்பாவது மிஞ்சியிருக்கும். முப்பத்தொரு மில்லிமீட்டருக்கே முதல் வீடு என்றால், ஒரு அடி பிளந்த சுவருக்கு இன்னும் சீக்கிரம் கிடைக்காதா? பாட்டும் ஆச்சு, வீடும் ஆச்சு. இந்தக் கணக்கு அவனுக்கு அவ்வளவு அழகாக இருந்தது. இருபத்தாறு கோட்டையும் போட்டோ எடுத்தான். இரும்பு அலவாங்கை எடுத்தான்.

மபாஸ் அதையும் படம் பிடித்தான். மெதுவாக, மிக மெதுவாக, அலவாங்கு சுவரில் இறங்க உதிரும் ஒவ்வொரு துளி மண்ணும் தெரிகிற மாதிரி. பிறகு கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றும் படங்கு கட்டிய ஐந்து பெண்கள் முகமெல்லாம் தங்கம் பூசி ஆட, ஆடுகள் பல்லில் மினுக்குத் தாளோடு மென்றுகொண்டு நிற்க, லில் லயம் பாடினான்:

*எங்கூட்டுச் சுவரு வெடிச்சா தங்கம் கொட்டுது,*
*ஒம் பங்களா சுவரு வெடிச்சா என்னய்யா கொட்டுது?*

வேலை முடிந்து வந்த வீரசிங்கம் சுவரைப் பார்த்தார். தங்கம் பூசிய ஓட்டைக்குள் முழங்கைவரை கையை விட்டுப் பார்த்தார்.

“காத்து வருதுடா” என்றார். ஒரு சாக்கை மடித்து அதில் அடைத்தார்.

பத்து நாளில் மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். சந்தையில் மூட்டை இறக்கும்போது கிழங்குக்கடை முதலாளியே பக்கத்தில் நின்று செல்பி எடுத்துக்கொண்டார். எடுத்த கையோடு, “சரி சரி, மூட்டைய இறக்கு” என்றார். கனடாவிலிருந்து ஒருவர், “செட் பிரமாதம், எந்த ஸ்டூடியோ?” என்று எழுதியிருந்தார். “பழைய லயம் மாதிரியே போட்டிருக்கிறார்கள், ஆர்ட் டிரெக்டருக்கு விருது கொடுக்க வேண்டும்” என்று இன்னொருவர். நிஷாந்த் அதை வாசித்துக் காட்டியபோது ஜீவராணி சிரித்தாள். அந்த வீட்டில் அவள் கடைசியாகச் சிரித்தது அதுதான் என்று அப்போது தெரியவில்லை.

அடுத்த கிழமை காரியாலயத்திலிருந்து ஜீப் வந்தது. பெயர்ப்பட்டியலை முடிவுசெய்யும் கடைசிப் பரிசோதனை. கையில் பைலோடு இறங்கியவர் சேந்தன். சொந்த ஊர் யாழ்ப்பாணம். பதுளைக்கு மாற்றலாகி வந்து ஐந்து வருடம். நிஷாந்தைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“தம்பி, நீர்தானே அந்த லில் லயம்? என்ர மனுசி உம்மட பாட்டை ஏழு தரம் பாத்திட்டா. அந்த ஆடுகள்! சிரிச்சு வயிறு நோகுது.”

நிஷாந்த் வெட்கப்பட்டான். வீரசிங்கம் தேத்தண்ணி ஊற்றினார். சேந்தன் குடித்துக்கொண்டே பின்பக்கம் போனார். சாக்கை இழுத்தார். சிரிப்பு அப்படியே முகத்தில் இருந்தது, ஆனால் அதற்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று.

“இது... உண்மையான சுவரோ?”

“ஆமாங்க சார்.”

“ஐயோ தம்பி. நான் செட் எண்டெல்லோ நினைச்சனான்.”

நிஷாந்த் அவசரமாகப் போனை நீட்டினான். “கோடெல்லாம் போட்டோ எடுத்து வச்சிருக்கேங்க சார். இந்தா பாருங்க, திகதியெல்லாம் தெளிவா இருக்கு. முப்பத்தொண்ணு வரைக்கும்.”

சேந்தன் ஒவ்வொரு படமாகப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

“நான் நம்புறன். நான் நம்பி என்ன செய்யிறது? ஐம்பத்திரண்டு குடும்பத்தில இருபதுக்குத்தான் வீடு. உம்மட பேரைப் போட்டா மிச்சப் பேர் பெட்டிசம் எழுதுவினம். எழுதத் தேவையுமில்லை, உம்மட வீடியோவை அனுப்பினாலே காணும். அலவாங்கு போட்டு உடைக்கிறதை மூண்டு லட்சம் பேர் பாத்திருக்கினம். இதில மலை வெடிச்சது எவ்வளவு, நீர் வெடிச்சது எவ்வளவு எண்டு நான் என்னெண்டு எழுதுறது?”

“அப்ப வீடு ஆபத்தில்லைன்னு எழுதப் போறீங்களா சார்?”

“அப்பிடி எழுதேல்ல. ஆபத்துத்தான். அளவு இல்லை எண்டுதான் எழுதுறன்.”

வீரசிங்கம் ஒரு எட்டு முன்னால் வந்தார். “ஐயா, நான் ஒரு மாசங்கூட விடலங்க” என்றார். “காய்ச்சல்ல கெடந்தப்பகூட எழும்பிப் போட்டேங்க.”

சேந்தன் தலையைக் குனிந்துகொண்டார். தேத்தண்ணிக் கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

பெயர்ப்பட்டியலை, காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை வாசித்தார். ஆறாம் காம்பரா இருந்தது. எட்டாம் காம்பரா இருந்தது. ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் அவர் எச்சில் மட்டும் விழுங்கினார். மிச்சப் பேருக்கு எப்போது என்று யாரோ கேட்டதற்கு, அடுத்த கட்டத்தில் என்றார். அடுத்த கட்டம் எப்போது என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைத் தோட்டத்தில் யாரும் கேட்பதில்லை.

மூன்று நாளில் இரண்டு பக்கத்துக் குடும்பங்களும் பானை சட்டியோடு இறங்கின. கீழே பால் பொங்கினார்கள். வேறு யாரும் குடியேறக்கூடாது என்று அந்த இரண்டு காம்பராக்களின் தகரத்தையும் கழற்றிவிட்டார்கள். ஏழாம் காம்பரா மட்டும் கூரையோடு நின்றது, பல் விழுந்த வாயில் தனித்து நிற்கும் ஒற்றைப் பல்லாக. எட்டாம் காம்பராக்காரி போகும்போது ஜீவராணியின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒம் புருசன் பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு புள்ள” என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள்.

ஜீவராணி அவனைத் திட்டவில்லை. கொழுந்தை வீசியதற்கே திட்டியவள். ஒரு சட்டியையாவது தூக்கி எறிவாள் என்று நிஷாந்த் இரண்டு நாள் காத்திருந்தான். எறிந்திருந்தால் குனிந்து வாங்கிக்கொண்டிருப்பான். அவள் துணியை மடித்தாள்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். அவள் அம்மா ரெங்கம்மா கூட்டிப்போக வந்திருந்தாள். போவது வழக்கம், மூன்றாம் மாதம் பிள்ளையோடு திரும்பி வருவதும் வழக்கம். பெட்டியைத் தூக்கியபோதுதான் நிஷாந்துக்கு அதன் பாரம் உறைத்தது. போர்வை, குடை, கல்யாணப் படம், சமையல் கத்தி. எல்லாமே அதற்குள் இருந்தது.

“எல்லாத்தையும் எடுத்துக்கிட்டியா?”

“ஆமா.”

பஸ் நிற்கும் இடத்துக்கு இறங்கினார்கள். ரெங்கம்மா வேண்டுமென்றே பத்தடி முன்னால் நடந்தாள்.

“பிள்ளைய இங்க தூக்கிட்டு வர மாட்டேங்க” என்றாள் ஜீவராணி, தேயிலையைப் பார்த்துக்கொண்டு. “ஓங்க மேல கோவம் இல்ல. அந்தச் சுவத்துக்குக் கீழ பிள்ளைய படுக்கவச்சிட்டு என்னால கண்ண மூட ஏலாது. அவ்ளோதான்.”

“நானும் வந்துர்றேன்.”

“மாமாவ விட்டுட்டா?”

தோட்டத்தில் வேலை செய்கிறவரைதான் வீரசிங்கத்துக்குக் காம்பரா. இன்னும் நான்கு வருடம் வேலை இருந்தது. அதை விட்டால் அறுபது வயதில் கையில் வரவேண்டிய பணமும் போய்விடும்.

பதுளை பஸ் வந்தது. ஏறும்போது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவன் கையைப் பிடிக்கவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, “மழ வந்தா அவரக் கூட்டிக்கிட்டு கோயிலுக்குப் போயிருங்க. படுக்க விடாதீங்க” என்று மட்டும் சொன்னாள்.

பஸ் வளைவில் திரும்பி அரைமணி நேரம் ஆகவில்லை, மலை கறுத்தது. நிஷாந்த் குறுக்குப் பாதையில் ஓடினான். தேயிலை வாதுகள் காலைக் கிழித்தன. இரண்டு முறை விழுந்தான். காம்பராவுக்கு வந்து சேர்ந்தபோது மழை பிடித்துவிட்டது. ராவேலை முடித்து வந்த வீரசிங்கம் பாயில் சுருண்டு கிடந்தார்.

“அப்பா, எழும்புங்க. கோயிலுக்குப் போவோம்.”

“நேத்தும் போனோம்” என்றார் கண்ணைத் திறக்காமல். “முந்தாநேத்தும் போனோம். ஐப்பசியில எத்தன நாளைக்குப்பா ஓடுறது? வேலைக்குப் போறவன் தூங்கணுமில்ல.”

போன் அடித்தது. ஜீவராணி.

“பண்டாரவளை வந்துட்டோம். அங்க மழையா?”

“இல்ல. நல்ல வெயிலு.”

“அப்ப என்ன சத்தம் அது?”

தகரத்தின்மேல் மழை கொட்டியது. இருபுறமும் கூரை இல்லாத காம்பராக்களின் சிமெந்துத் தரையிலும் கொட்டியது. நிஷாந்த் வாயைத் திறந்தான். பழக்கதோஷம்; அந்த வாய்க்கு வேறு எதுவும் தெரியாது.

“ஆளுங்க கை தட்டுறாங்க புள்ள. மூணு லட்சம் பேரு.”

அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை. பஸ்ஸின் இரைச்சல். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, “அவர எழுப்புங்க” என்றாள். தொடர்பு அறுந்துவிட்டது.

அவன் எழுப்பினான். தோளைப் பிடித்து உலுக்கினான். வீரசிங்கம் வெடித்த சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். நிஷாந்த் ஈரச் சட்டையோடு அப்பாவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த ஒரு முழ இடத்தில் போய் உட்கார்ந்தான்.