மெயின் பெட்டிக்குள் எழுதிய எண்

கரண்ட்காரர் ஸ்டூல் மேல் ஏறி நின்று, தையல்காரம்மா வீட்டு மெயின் பெட்டிக்குள் டெஸ்டரை விட்டுக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் போன் அடித்தது. பார்க்காமலே கட்டைவிரலால் பட்டனை அழுத்தி, தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார்.

"மோட்டார் ஓடலையா? தொடாதீங்க. மத்தியானம் வந்துடறேன்."

போன் மறுபடி பைக்குள் போனது. அதன் பட்டன்களில் எண்கள் அழிந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அவர் விரலுக்கு மட்டும் அவை தெரியும்.

தையல்காரம்மாவுக்கு முன்னறைதான் தொழிற்சாலை. மோட்டார் வைத்த தையல் மிஷின்கள், இஸ்திரிப் பெட்டி, கூரை வரை பள்ளிச் சீருடைத் துணி. இத்தனை பாரத்தையும் ஒரு கிழட்டு மெயின் சுவிட்ச் தாங்கிக்கொண்டிருந்தது.

"இது போயிடுச்சும்மா. புதுசுதான் போடணும்" என்றார்.

"இந்த யூனிஃபார்ம் ஆர்டரைக் குடுத்துடறேன் அண்ணே. காசு வந்ததும் மொத வேலை அதுதான்."

"சரி, இப்போதைக்கு இறுக்கி விட்டிருக்கேன். கருகின வாசனை வந்தாலோ புகை வந்தாலோ நீங்க கை வைக்கக் கூடாது. எனக்கு ஒரு போன் அடிங்க. எந்த வேலையில இருந்தாலும் போட்டுட்டு ஓடி வரேன்."

சொல்லிவிட்டு, எல்லா வீட்டிலும் செய்வதை அங்கேயும் செய்தார். மார்க்கர் பேனாவை எடுத்துப் பெட்டிக் கதவின் உள்பக்கத்தில் தன் எண்ணைப் பெரிதாக எழுதினார். கார்டு அச்சடித்துக் கொடுத்தால் தொலைத்துவிடுவார்கள். கரண்ட் போனால் யாராக இருந்தாலும் இந்தப் பெட்டியைத் திறந்துதானே ஆகவேண்டும்? தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவர் செய்த விளம்பரம் இது ஒன்றுதான். ஊரில் பாதி வீடுகளின் பெட்டிக்குள் அவர் கையெழுத்து இருந்தது. ஆனால் அவர் யாருடைய எண்ணையும் சேமித்து வைத்ததில்லை. அவருக்கு அவர்கள் எல்லாம் பச்சை கேட் வீடு, நாய் வீடு, மாடிப்படி இடிக்கிற வீடு. அவர்கள்தான் அவரைக் கூப்பிடுவார்கள். அவர் யாரையும் கூப்பிட்டதில்லை.

அப்படிப்பட்ட மனிதர் பிறகு விலை உயர்ந்த போன் ஒன்றை வாங்கினார். எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சிரிப்புதான் காரணம். புதிதாகக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் எரிந்துபோன வயரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார் செயலாளர். கரண்ட்காரர் தன் போனை எடுத்துக் காட்டினார். "இன்னுமா இதை வச்சிருக்கீங்க? மியூசியத்துல கேட்பாங்க, குடுத்துடுங்க" என்றார் செயலாளர். லிஃப்டுக்குக் காத்திருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். கரண்ட்காரரும் கூடச் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

அவர் மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு, சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தாள்.

"இதுக்கு ஒரு சாதாரண போன் வரும். போட்டோ எடுக்கும், அனுப்பும், பேசும். வேற என்னங்க வேணும்? காசைக் குடுத்தோமா, எடுத்தோமா, வந்தோமான்னு இருங்க."

அவர் நேராக அவள் தம்பி வேலை பார்க்கும் போன் கடைக்குப் போனார். சொந்த மைத்துனன் இருக்கும்போது வேறு கடைக்குப் போவானேன்?

மைத்துனன் கெட்டவன் இல்லை. மாத முடிவு, அவ்வளவுதான். அந்தக் கடையில் தினமும் காலையில் எல்லாரையும் நிற்க வைத்து, யார் எத்தனை புது இணைப்பு பிடித்தார்கள் என்று மேலாளர் உரக்கப் படிப்பார். கடைசிப் பெயர் யாருடையதோ அவன் அன்று முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். அந்த மாதம் கடைசிப் பெயர் மைத்துனனுடையது.

கரண்ட்காரர் கீழ்த்தட்டிலிருந்த போன் ஒன்றைக் கையில் எடுத்தார்.

"மாமா, அதை வைங்க. அது வாட்ச்மேன் போன்."

"இது போதும்டா மாப்ள. காசு கையில இருக்கு, குடுத்துட்டுப் போயிடறேன்."

"காசை ஏன் குடுக்கறீங்க? வீட்லயே இருக்கட்டும்." கண்ணாடிப் பெட்டியிலிருந்து, வாசலில் பெரிய படமாகத் தொங்கும் போனை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தான். "இன்னிக்கு ஒரு பைசா வேணாம். ரெண்டு வருஷ ஒப்பந்தம். மாசாமாசம் பில்லோட சேர்த்துக் கட்டிட்டே வந்தா போதும். பேசறது ஃப்ரீ, நெட் ஃப்ரீ."

ஃப்ரீ என்ற சொல்லுக்கு மயங்காத மனிதன் இனிமேல்தான் பிறக்க வேண்டும். ஆனாலும் கரண்ட்காரருக்கு ஒரு கேள்வி இருந்தது.

"என் நம்பர்?"

"இந்த ஆஃபர் புது நம்பருக்குத்தான் மாமா."

"எல்லா வீட்லயும் எழுதி வச்சிருக்கேன்டா. அப்ப அந்த சிம்மையும் இதுலயே போட்டுக்கறேன்."

"இது எங்க கம்பெனி பூட்டின போன். ஒப்பந்தம் முடியற வரைக்கும் வேற சிம் ஏத்துக்காது. அதனால என்ன? பழைய நம்பருக்கு வர கால் எல்லாம் இதுக்கு வர மாதிரி திருப்பி விட்டுடறேன். கூப்பிடறவங்களுக்குத் தெரியவே தெரியாது. அதெல்லாம் நான் பாத்துக்கறேன், நீங்க கவலைப்படாதீங்க."

பழைய எண்ணையே அந்தக் கம்பெனிக்கு மாற்றிக்கொண்டிருக்கலாம். சலுகை கொஞ்சம் குறையும். மைத்துனன் கணக்கில் புது இணைப்பு என்று ஏறாது. சலுகை புது எண்ணுக்குத்தான் என்பதை அவன் பெரிதாகச் சொன்னான். தன் கணக்கைப் பற்றிச் சொல்லவே இல்லை. பழைய எண்ணுக்கு ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் அது வேறு யாருக்கோ போய்விடும் என்பதையும் சொல்லவில்லை. ஆக, வீட்டுக்குள்ளேயே ஒரு ஆளைப் பிடித்துத் தலையில் கட்டிவிட்டான்.

மனைவி போன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எவ்வளவு?"

"ஒண்ணும் குடுக்கலை."

"ஒண்ணும் வாங்காம எவங்க இதைத் தூக்கிக் குடுப்பான்?"

"உன் தம்பிதான் குடுத்தான்."

தம்பி பேர் வந்ததும் அவள் பெட்டியை மூடி அலமாரியில் வைத்தாள்.

புதுப் போன் பளபளவென்று இருந்தது. ஆனால் வியர்த்த விரலுக்கு அது மசியவில்லை. அழைப்பு வந்தால் ஏணியை விட்டு இறங்கி, கையைத் துடைத்து, வணங்கிக் கேட்டுக்கொண்டால்தான் பேசும். அடுக்குமாடிச் செயலாளர் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். "பரவாயில்லையே, என் போனை விட ஒசத்தி! இவ்வளவு வசதியா இருக்கீங்க, கூலியைக் கொஞ்சம் குறைச்சுக்கலாமே" என்றார். பழைய போனைப் பார்த்துச் சிரித்தவர் புதுப் போனைப் பார்த்துப் பேரம் பேசினார். கௌரவம் என்று நினைத்து வாங்கியது இப்படித்தான் பலன் தந்தது.

ஆரம்பத்தில் பழைய எண்ணுக்கு வந்த அழைப்புகள் புதுப் போனுக்குத் திரும்பி வந்தன. சில மாதங்களில் நின்றே போயின. பழைய சிம் மேஜை டிராயரில் செத்துக் கிடந்தது யாருக்கும் தெரியாது. மைத்துனன் பார்த்துக்கொள்வான் என்று இவர் இருந்தார்; அவன் அன்றைக்கே மறந்துவிட்டான். சீசன் சரியில்லை என்று கரண்ட்காரர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். தையல்காரம்மாவின் நினைவு வரும்போதெல்லாம், ஆர்டர் காசு இன்னும் வரவில்லை போலும், கூப்பிடவில்லை என்றால் நன்றாகத்தான் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். வேலை குறைந்தாலும் மாதத் தவணை குறையவில்லை. மனைவி கொடுத்து, செலவழிக்காமல் திரும்பி வந்த அதே பணம் கொஞ்சம் கொஞ்சமாகத் தவணைக்கே கரைந்தது. புதுப் போனில் தவறாமல் வந்த அழைப்பு ஒன்றுதான். எங்கள் சேவை திருப்தியாக இருக்கிறதா என்று கம்பெனி கேட்கும்.

ஒரு நாள் வயர் வாங்கப் போன இடத்தில் ஹார்டுவேர் கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னய்யா, தொழிலை விட்டுட்டியாமே? உன் நம்பருக்கு அடிச்சா ஒரு பொண்ணு எடுத்து ராங் நம்பர்னு சிடுசிடுன்னு விழுது."

கரண்ட்காரர் கடை வாசலிலேயே நின்று, வாழ்நாளில் முதல் முறையாகத் தன் எண்ணுக்குத் தானே போன் செய்தார். நெடுநேரம் அடித்த பிறகு ஒரு பெண் எடுத்தாள். பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"அம்மா, நான் கரண்ட் வேலை பாக்கறவன். இது என் நம்பர்மா."

"ஐயோ, நீங்கதானா அது! இது இப்ப என் நம்பர் சார். கடையில குடுத்தாங்க, வாங்கினேன். காலைல எழுந்தா ஃபேன் ஓடல, மோட்டார் ஓடலன்னு உங்க ஆளுங்க என் உயிரை எடுக்கறாங்க. ராங் நம்பர்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது."

"மன்னிச்சுக்கம்மா."

"இருங்க சார், வச்சுடாதீங்க." குரல் இறங்கியது. "நேத்து ஒரு அம்மா கூப்பிட்டாங்க. பெட்டியிலேர்ந்து புகை வருது, அண்ணனைக் கூப்பிடுங்கன்னு ஒரே அழுகை. ராங் நம்பர்னு சொன்னேன். நம்பவே இல்ல, திரும்பத் திரும்ப அடிச்சாங்க. அப்பதான் குழந்தை கண்ணசந்துச்சு சார். பிளாக் பண்ணிட்டேன். ராத்திரியெல்லாம் மனசு கேக்கலை. அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

அவர் வயர் சுருளைக் கல்லா மேலேயே போட்டுவிட்டுத் தையல்காரம்மா வீட்டுக்கு ஓடினார்.

அங்கே மிஷின்கள் ஓடவில்லை. பெட்டி இருந்த சுவர் கறுத்திருந்தது. வெட்டிப் போட்ட துணிகளுக்கு நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள். வலது கை மணிக்கட்டு வரை கட்டுப் போட்டிருந்தது.

"தொடாதீங்கன்னு நீங்க சொன்னீங்க அண்ணே. அதனால தொடலை. உங்களுக்குத்தான் அடிச்சேன்" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் அவரைக் கொன்றது. "யாரோ ஒரு பொண்ணு எடுத்துச்சு. தப்பா அழுத்திட்டேனோன்னு பெட்டியைப் பாத்துப் பாத்து மறுபடி அழுத்தினேன். அப்புறம் எடுக்கவே இல்ல. நெருப்பு பொறி துணி மேல விழ ஆரம்பிச்சுது. எல்லாம் ஊரார் வீட்டுப் பிள்ளைங்க யூனிஃபார்ம். பத்திக்கிட்டா நான் எங்க போவேன்? சுவிட்சை இழுத்துட்டேன். பளீர்னு வெடிச்சுது."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"கட்டைவிரலும் பக்கத்து விரலும் பழையபடி மடங்காதாம்."

மடங்காத விரலோடு கத்தரிக்கோல் பிடிக்க முடியாது. வேறு யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே என்றும் அவர் கேட்க முடியாது. அந்தப் பெட்டியில் வேறு யாருடைய எண்ணும் இல்லை. ஒரே ஒரு எண்தான், அவர் கைப்பட எழுதியது.

அன்றே கடன் சொல்லிப் புது சுவிட்ச் வாங்கி வந்து மாட்டினார். காசு கேட்கவில்லை. வேலை முடிந்ததும் பழக்கதோஷத்தில் மார்க்கர் பேனாவைத் திறந்தார்.

"வேணாம் அண்ணே, எழுதாதீங்க" என்றாள் தையல்காரம்மா. "அடுத்த போன் வாங்கினா அதுவும் மாறிடும்."

பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் நேராகப் போன் கடைக்குப் போனார். மைத்துனன் முன்னால் ஒரு பெயிண்டர் நின்றுகொண்டிருந்தார். விரல் இடுக்கெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு. அதே பெரிய போன் அவர் கையில் இருந்தது.

"வாங்க மாமா! இவர்கிட்ட சொல்லுங்க, நீங்க நம்ம போன்தானே வச்சிருக்கீங்க?"

"என் பழைய நம்பரை வாங்கிக் குடு" என்றார் கரண்ட்காரர்.

மைத்துனன் பெயிண்டரைப் பார்த்துக்கொண்டே இழுத்தான். "அது... ரீசார்ஜ் இல்லாம... வேற ஆளுக்குப் போயிருக்கும் மாமா. இனிமே ஒண்ணும் செய்ய முடியாது."

"அப்ப இந்த ஒப்பந்தத்தை முறிச்சு விடு."

"நடுவுல விட்டா மிச்சத்தை மொத்தமா கட்டணும் மாமா."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட்காரரின் போன் அடித்தது. எடுத்து, ஒலிபெருக்கியை அழுத்திக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். தேன் ஒழுகும் குரல் ஒன்று பேசியது. "வணக்கம்! எங்கள் மதிப்புமிக்க வாடிக்கையாளரான உங்களுக்கு, புதிய மாடலுக்கு மாறும் அரிய வாய்ப்பு..."

"கேட்டீங்களா?" என்றார் பெயிண்டரிடம். "இந்த நம்பருக்குக் கூப்பிடறது இவங்க மட்டும்தான். என்னை நம்பினவங்க எல்லாம் பழைய நம்பருக்கு அடிச்சுட்டுக் கிடக்காங்க. அதுல ஒரு தையல்காரம்மாவுக்கு வலது கையே போச்சு. இந்தப் போனைக் காசு குடுத்து வாங்கியிருந்தா, பிடிக்கலைன்னா தூக்கிக் கடாசிட்டுப் போயிருப்பேன். காசு குடுக்காம வாங்கினேன். அதனால போன் என்கிட்ட இல்ல, நான்தான் அதுகிட்ட மாட்டியிருக்கேன். கையில இருக்கற காசுக்கு எது வருமோ அதை வாங்குங்க. அதுக்கு மேல ஆசைப்பட்டு ஒப்பந்தம்னு கையெழுத்துப் போட்டா, என்னத்தை அடகு வைக்கறோம்னு அன்னிக்குத் தெரியாதுங்க. பின்னாடிதான் தெரியும்."

பெயிண்டர் பெரிய போனை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

"தம்பி, காசு குடுத்து எடுத்துட்டுப் போற மாதிரி ஏதாவது இருக்கா?"

தூரத்தில் மேலாளர் நிமிர்ந்து பார்ப்பது மைத்துனனுக்குத் தெரிந்தது. அவன் குனிந்து, கீழ்த்தட்டிலிருந்த போன் ஒன்றை எடுத்து வைத்தான். "இதுல உங்க பழைய சிம்மையே போட்டுக்கலாம்ணே" என்றான்.

கரண்ட்காரர் வாசல் வரை போனபோது அவன் பின்னாலேயே ஓடி வந்தான்.

"மாமா, அந்தம்மா கை... கொஞ்ச நாள்ல சரியாயிடும்ல?"

கரண்ட்காரர் திரும்பி அவனைப் பார்த்தார்.

"அது ஒப்பந்தம் இல்லடா மாப்ள, ரெண்டு வருஷத்துல முடியறதுக்கு."