எண்ணெய் படாத விரல்

"தோசை வார்க்கத் தெரியுமில்லாம்மா?"

"அது தெரியும் அண்ணாச்சி."

"அப்பம் இதுவும் தெரியும். மோதிர வெரல்ல ஒரு குத்து. மொத சொட்டத் தொடச்சிரணும். ரெண்டாவது சொட்டக் கண்ணாடியில வச்சி, இன்னொரு கண்ணாடியால மெல்லிசா இழுத்து விட்டுருங்க. காய வச்சிக் கொண்டாந்தாப் போதும். ஒங்க வீட்டுக்காரரு வாராவாரம் இங்கன வந்து கெடக்காண்டாம்."

தென்காசியில் ரத்தம் பரிசோதிக்கும் ஏசுவடியான் இதைச் சொல்லி இரண்டு மாதமாகிவிட்டது. அடுப்படியில் உட்கார்ந்திருந்த ஆவுடைத்தாய்க்கு அந்தக் குரல் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

அவள் புருஷன் மாடக்கண்ணு குற்றாலத்து அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவன். ரத்தத்தில் வெள்ளை அணு பெருகிக்கொண்டே போகிற நோய் அவனுக்கு. வாராவாரம் ரத்தத்தைப் பார்த்துத்தான் டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார், குறைப்பார். ஆனால் சாரல் விழுகிற இந்த மாதங்களில்தான் ஆட்கள் வருவார்கள். ஆஸ்பத்திரி பெஞ்சில் ஒரு பகல் போனாலும் வீட்டுக்குத் தாங்காது. அதனால்தான் ஏசுவடியான் இரக்கப்பட்டு ஊசியையும் கண்ணாடித் துண்டுகளையும் அவளிடமே கொடுத்தனுப்பினார்.

முதல் சனிக்கிழமை மாடக்கண்ணு சிரித்துக்கொண்டேதான் விரலை நீட்டினான். இருபது வருஷத்து எண்ணெய் ஊறிய விரல். ரத்தம் சொட்டாக நிற்காமல் வழுக்கி ஓடியது. கண்ணாடியில் திட்டுத்திட்டாகத்தான் படிந்தது. "இது ஆகாதும்மா, எண்ணெயில்லாத வெரலா இருக்கணும்" என்று ஏசுவடியான் வேறு கண்ணாடி கொடுத்தார். அவள் வீடு திரும்பியபோது மாடக்கண்ணு நேரத்தோடு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். குத்திய இடம் தேய்க்கும்போது திறந்துகொண்டதாம். மதுரைக்காரர் ஒருவர், "ரத்தக் கையோட என்னத் தொடாதய்யா" என்று எல்லார் முன்னாலும் எழுந்து போய்விட்டாராம்.

அப்புறம் எப்படி அவனிடம் விரலைக் கேட்பது? அடுத்த சனிக்கிழமை, பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தபோது, அவள் தன் மோதிர விரலையே குத்திக்கொண்டாள். இந்த ஒரு வாரம்தானே, வருகிற வாரம் கேட்டுவிடலாம் என்று நினைத்தாள். ஒரே சோறு, ஒரே தண்ணீர். ரத்தம் மட்டும் அப்படி என்ன வேறாக இருந்துவிடும் என்றும் நினைத்தாள்.

"எவ்வளவோ கொறஞ்சிட்டும்மா!" என்றார் ஏசுவடியான். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம். டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். அன்று மாடக்கண்ணு மங்குஸ்தான் பழம் வாங்கி வந்து அவள் வாயில் சுளையை வைத்தான். "எமன் வந்தாலும் நம்ம கையில வழுக்கிருவாம்ட்டி" என்றான். அவள் பழத்தோலை அள்ளிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அதன்பிறகு ஆறு வாரம், ஆறு விரல். மிளகாய் அரைக்கும்போதெல்லாம் ஒவ்வொன்றும் தனித்தனியாக எரிந்தது. ஒருநாள் அவன் அவள் கையைப் பிடித்துப் பார்த்து, "என்னட்டி, சீக்கு எனக்கு, ஓட்ட ஒனக்கா?" என்று கேலி செய்தான். அரிவாள்மணை பட்டுவிட்டது என்றாள். சொல்லியிருக்க வேண்டிய நாள் அது. அதுவும் போயிற்று.

இப்போது அவன் பாயில் கிடக்கிறான். இடது விலாவுக்குக் கீழே கல்லைப்போல வீங்கியிருக்கிறது. நாலு நாளாக அருவிக்கரைக்குப் போகவில்லை. வெளியே அவன் காத்திருந்த சாரல், நல்ல சாரல், கூரையில் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது.

"இன்னைக்குச் சனிக்கெழமையில்லா? தென்காசிக்குப் போவலயா?" அவனுக்கு மூச்சு வாங்கியது. "ரத்தந்தான் நல்லாருக்குன்னு சொல்லுதாவளே, பெறவு எனக்கு என்னட்டி செய்யுது?"

ஆவுடைத்தாய் ஊசியைக் கொதிநீரிலிருந்து எடுத்தாள். பாயோரமாக வந்து உட்கார்ந்தாள். போர்வைக்கு வெளியே அவன் கை கிடந்தது. நாலு நாள் எண்ணெய் படாத கை. கல்யாணமான நாள் முதல் அந்த விரல்களை இப்படிக் காய்ந்து, வெளிறி, கோடுகோடாக அவள் கண்டதில்லை. இதில் ரத்தம் வழுக்காது. சொட்டாகவே நிற்கும்.

"இதுவரைக்கும் போனதெல்லாம் என் ரத்தம்" என்றாள்.

அவன் அவளைப் பார்த்தான். பிறகு அவள் விரல்களைப் பார்த்தான்.

"ஒங்க வெரல ஒருக்காத் தாங்க."